மீன்கொத்தி காயும் வரை

என் பட்டியலில் முதல் பெயர் காகம். அதைப் போடச் சொன்னது என் மனைவிதான். எட்டு வருடத்துக்கு முன்பு நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வந்து, முதல் வரியில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூநாரை, விராலடிப்பான் என்று ஏதாவது கௌரவமான பறவையில் ஆரம்பிக்க எனக்கு ஆசை. அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "மொதல்ல காக்காவப் போடுங்க. தெனம் மொட்டமாடில வந்து நிக்குது. அதுக்கு இன்னா கொறச்சல்?" என்றாள். போட்டேன். இரண்டாவது மைனா, மூன்றாவது சிட்டுக்குருவி. நாலாவதற்கு எதிர்வீட்டுக் கோழியைச் சொன்னாள். வீட்டில் வளர்ப்பதெல்லாம் கணக்கில் வராது என்றேன். "அப்ப நானும் கணக்குல வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். பிள்ளையார்பாளையத்தில் பட்டறை, செவிலிமேட்டில் வீடு. கொதிக்கும் அண்டாவுக்கு மேலே குனிந்து நூல் கட்டைப் புரட்டிப் புரட்டி, ஆவியைக் குடித்து, ஒரு கட்டத்தில் இருமல் நிற்கவே இல்லை. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, காலையில் ஏதாவது ஏரிக்கரையில் நடக்கச் சொன்னார். எங்கள் பட்டறைக்கு அமாவாசை விடுமுறை. அமாவாசைக்கு அமாவாசை வண்டியை எடுத்துக்கொண்டு தென்னேரிக்குப் போக ஆரம்பித்தேன். ஏரி பெரியது. நடக்கப் போனவன் நின்று பார்க்க ஆரம்பித்ததில் இருமல் குறைந்ததோ இல்லையோ, இது பிடித்துக்கொண்டது. சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் பைனாகுலர் வாங்கினேன். அதன் ஒரு கண்ணில் பூஞ்சை இருந்தது. இன்னொரு கண் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

கரையில் சென்னையிலிருந்து வந்த இரண்டு பேரைப் பார்த்தேன். முக்காலியில் பெரிய தொலைநோக்கி வைத்திருந்தார்கள். அவர்கள்தான் சட்டதிட்டங்களைச் சொன்னார்கள். உன் கண்ணால் பார்த்தால்தான் உன் பட்டியலில் சேரும். அடுத்தவர் பார்த்து நீ பார்க்கவில்லை என்றால் சேராது. சந்தேகம் இருந்தால் எழுதாதே. கரையில் சத்தம் போடாதே. அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பையில் போன் அலறியது. எதிரே இருந்த ஊசிவால் வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பிப் போய்விட்டது. இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து கரைக்குப் போனதும் முதல் வேலையாகப் போனைச் சைலண்டில் போட்டு வண்டி டிக்கிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். பட்டியலைப் போனிலேயே ஏற்றுவதற்கு ஒரு செயலி இருக்கிறது. பறவை பார்க்கிற எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். நான் கரையில் பென்சிலால் நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஏற்றுவேன்.

எட்டு வருடத்தில் இருநூற்றுப் பதினாறு பறவைகள். ஏரிக்குப் போய்ப் பார்த்தவைதான் அதிகம். ஆனால் அவற்றிலெல்லாம் எனக்குப் பிடித்தது பட்டறையிலேயே வந்து சேர்ந்தது. ஒரு ஐப்பசி மழைக்கு மறுநாள், கொடியில் காய்ந்துகொண்டிருந்த நூல் கட்டுகளுக்குக் கீழே ஓர் ஆறுமணிக்குருவி தத்திக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து வருகிற வழியில் களைத்து இறங்கியிருக்க வேண்டும். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றின் அடியில் மிளகாய்ப்பழச் சிவப்பு. என் மனைவி அப்போதுதான் சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்தாள். நான் கையைக் காட்டியதும் அப்படியே நின்றுவிட்டாள். பத்து நிமிடம் அந்தக் கூடையைக் கீழே வைக்காமல் நின்றாள். பிறகு, "இத்தனை கலர ஒரே பொடவையில போட்டா கடைக்காரன் திருப்பி அனுப்பிடுவான்" என்று காதோடு சொன்னாள்.

சாயத் தொழிலில் ஒரு பாடம் உண்டு. சின்ன வயதில் நான் அதற்கு அடியே வாங்கியிருக்கிறேன். ஈரத்தில் கலர் சொல்லக் கூடாது. அண்டாவிலிருந்து எடுத்த நூல் எப்போதும் ஒரு படி கூடுதல் கறுப்பாகத்தான் தெரியும். காப்பிக்கொட்டைக் கலர் ஈரத்தில் கறுப்பு மாதிரி இருக்கும். அரக்கு ஈரத்தில் காப்பிக்கொட்டை மாதிரி இருக்கும். கடைக்காரர் கொடுத்த சாம்பிள் துண்டோடு ஒத்துப் பார்க்க வேண்டுமென்றால், இரண்டு இழையைப் பிழிந்து, காயவைத்து, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்திலேயே சரி என்று சொல்லிவிட்டால் அந்தக் கட்டு மொத்தமும் வீண். முப்பது வருடமாக நான் ஈரத்தில் கலர் சொன்னதில்லை.

இந்த மாசி அமாவாசை அன்று காலை நாலரைக்கே அவள் எழுந்துவிட்டாள். படையலுக்கு வாழைக்காய், பூசணி எல்லாம் முதல் நாளே வாங்கி வைத்திருந்தாள். அடுப்படியில் நின்றுகொண்டு, "முதுகுல புடிச்சிக்கினு இருக்குது, வாயு போல" என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். போகட்டுமா, இருக்கட்டுமா என்று கேட்டேன். கேட்டேன் என்பது உண்மை. ஆனால் கேட்கும்போதே பைனாகுலர் என் கழுத்தில் இருந்தது. "போய்ட்டு வாங்க, போவலன்னா நாள் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சிப்பீங்க. எட்டு மணிக்குள்ள வந்துடுங்க, காக்காவுக்கு வெச்சிட்டுதான் நான் வாயில தண்ணி ஊத்தணும்" என்றாள். ஏழேகாலுக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். தென்னேரியிலிருந்து வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆறரைக்குக் கிளம்ப வேண்டும் என்று மனதில் கணக்கு.

ஆறு நாற்பதுக்குக் கிளம்பத்தான் பார்த்தேன். அப்போதுதான் தண்ணீரில் பாதி மூழ்கிய கருவேலங்கட்டையில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. அலகு சிவப்பு. சூரியன் அதற்குப் பின்னால். முதுகை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாகப் பார்க்கும் வெண்தொண்டை மீன்கொத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதற்குத் தலை காப்பிக்கொட்டைக் கலர். எல்லா மின்கம்பியிலும் உட்கார்ந்திருக்கும். ஆனால் இதன் தலை கறுப்பாகத் தெரிந்தது. கருந்தலை மீன்கொத்தி கடலோரத்துப் பறவை, கழிமுகத்தில் சதுப்புநிலத்தில் இருக்கும். தென்னேரியில் அதற்கு வேலையே இல்லை. நான் சரியாகப் பார்ப்பதற்குள் அது தண்ணீரில் பாய்ந்து, ஏதோ ஒன்றைக் கவ்விக்கொண்டு அதே கட்டைக்குத் திரும்பியது. இப்போது தலை இன்னும் கறுப்பு. ஆனால் ஈரம்.

காத்திருந்தேன். வேறு என்ன செய்வது என்று அப்போது தோன்றவே இல்லை. காயட்டும், திரும்பட்டும், இன்னொரு முறை தண்ணீரில் பாய்ந்துவிடாமல் இருக்கட்டும். அது மட்டும்தான் மனதில் இருந்தது. அது இறகைக் கோதியது, உதறியது, மறுபடி கோதியது. வெயில் ஏறியது. ஏழு ஐந்துக்கு அது என் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. தலை காய்ந்திருந்தது. கறுப்பு. அசல் கறுப்பு, அதில் ஒரு பொட்டு காப்பிக்கொட்டை இல்லை. கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை, முதுகில் நாங்கள் ஆனந்தா என்று சொல்கிற பளிச்சென்ற நீலத்தோடு கொஞ்சம் கத்தரிப்பூ கலந்த மாதிரி ஒரு நீலம். இருநூற்றுப் பதினேழு. நோட்டில் நேரத்தைக் குறித்து, அடியில் இரண்டு கோடு போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சந்தோஷம் வந்ததாக ஞாபகம் இல்லை.

முதலில் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று டிக்கியைத் திறந்து போனை எடுத்தேன். அவளிடமிருந்து ஐந்து அழைப்புகள் வந்திருந்தன. முதல் அழைப்பு ஆறு நாற்பத்தாறு. கடைசி ஏழு ஒன்று. திரும்ப அடித்தேன். மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள். எதிர்வீட்டு அம்மாவின் குரல். "எங்கப்பா இருக்கே நீ? கதவு தெறந்து கெடக்குது, இவங்க வுழுந்து கெடக்கறாங்க. ஆட்டோ வந்துடுச்சி, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறோம், நீ நேரா அங்க வந்துடு" என்றார்.

நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் சின்னப் பையன்தான், என்னை விட அவர்தான் தடுமாறினார். "அரை மணி முன்னாடி வந்திருந்தா ட்ரை பண்ணியிருக்கலாம் சார். அப்பவும் சொல்ல முடியாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். பட்டறையில் கடைக்காரர் தேதி சொல்லும்போது ஆட்டுகிற அதே மாதிரி. அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். பத்து மணிக்கு வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்த பிறகு, என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏம்பா போன் எடுக்கல நீ?"

"ஏரிப் பக்கம் டவர் கெடைக்கலம்மா."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்ற என் மச்சான், "அந்தப் பக்கம் சுத்தமா டவரே இல்லம்மா, எனக்கும் கெடைக்காது" என்றார். அடுத்து வந்தவர்களுக்கு அவரே சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் டவர் இல்லாததுதான் காரணம் என்று ஊரே பேசியது. அதே கரையிலிருந்துதான் நான் வீட்டுக்குப் போன் போட்டேன் என்பதை யாரும் யோசிக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. வெட்கம் கெட்ட நிம்மதிதான், ஆனாலும் இருந்தது.

மூன்றாம் நாள் பாலாற்றங்கரையில் பால் தெளித்துவிட்டு வந்து குளித்தேன். வீடு நிறைய ஆட்கள். யாரும் என்னை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. அறையில் உட்கார்ந்து, பையிலிருந்த நோட்டை எடுத்து, அமாவாசைப் பட்டியலைச் செயலியில் ஏற்றினேன். நாமக்கோழி, தாழைக்கோழி, நீர்க்காகம், கருந்தலை மீன்கொத்தி ஒன்று. மனைவி செத்த மூன்றாம் நாள் ஒருவன் பறவைக்கணக்கு எழுதுவானா? எழுதினேன். கை பழகிய வேலை, செய்துவிட்டது. ஏற்றிய பிறகும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. பலகாரத் தட்டு வந்தது, சாப்பிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை. மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் பட்டறைக்குப் போவேன், வருவேன், சாப்பிடுவேன், சுவரைப் பார்ப்பேன். அவளுக்கு என்னைப் பார்க்கப் பயமாக இருந்திருக்க வேண்டும். என் மெயில்களை அவள்தான் பார்ப்பாள். எனக்கு இங்கிலீஷ் பத்தாவதோடு நின்றுவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிச்சல்.

"அப்பா, அந்த ஆப்புல உன் மீன்கொத்தி ரேர்னு ஃபிளாக் ஆயிருக்குதுபா. செக் பண்றவரு டீடெய்ல்ஸ் கேட்டிருக்காரு. போட்டோ இருக்குதா?"

"இல்ல."

"அப்ப டிஸ்கிரிப்ஷன் குடுக்கணும். எவ்ளோ தூரம், வெளிச்சம் எப்டி, எவ்ளோ நேரம் பார்த்தே, வெண்தொண்டை இல்லன்னு எப்டி சொல்றே. இதெல்லாம் கேட்டிருக்காரு. குடுக்கலன்னா லிஸ்ட்ல கன்ஃபார்ம் ஆவாது."

"வுடும்மா. போவட்டும்."

"இன்னாபா நீ! இருநூத்திப் பதினேழு. அம்மா இருந்தா வுட்டிருப்பாங்களா? சொல்லு, நான் டைப் பண்றேன்."

இந்தப் பறவை என்னைத் திரும்பக் கொண்டுவரும் என்று அவள் நம்பினாள். அது எனக்குப் புரிந்தது. ஐந்து நிமிடம் பார்த்தேன், பறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து நிமிடத்தில் நான் பார்த்தது ஈரத் தலை. ஈரத் தலையைக் கறுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டவர் இல்லை என்று ஊருக்கே சொன்ன வாய்தான். கலர் விஷயத்தில் மட்டும் வரவில்லை. இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

சொன்னேன். முப்பதடி தூரம். சூரியன் எதிரே. ஆறு நாற்பதுக்கு வந்தது. தண்ணீரில் பாய்ந்து திரும்பியது. நனைந்த தலையில் காப்பிக்கொட்டையும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். அதனால் காயும் வரை இருந்தேன். அவள் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"காயறதுக்கு எவ்ளோ நேரம்பா?"

"ஏழு அஞ்சுக்குக் காஞ்சுது."

விரல்கள் நின்றன. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவ்ளோ நேரமும் போன்ல டவர் இல்லியா?"

"டவர் இருந்துச்சிம்மா. சைலண்ட்ல போட்டு டிக்கியில வெச்சிருந்தேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்றும் இருந்தது. அவள் லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"வயிறு இன்னா கலர்?"

"வெங்காயத்தோலுக்கும் மாம்பழத்துக்கும் நடுவுல."

அதை டைப் செய்தாள். கழுத்துப் பட்டையைச் செய்தாள், முதுகு நீலத்தைச் செய்தாள். காயும் வரை காத்திருந்ததையும் விடவில்லை, நிமிடக் கணக்கோடு போட்டாள். ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினாள். சாயங்காலம் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, "வரேன்பா" என்றாள், வழக்கம் போல. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. அவள் அதை எனக்கு அனுப்பிவைத்தாள், தன் பங்குக்கு ஒரு வார்த்தையும் சேர்க்காமல். பட்டறையில் வேலை செய்யும் ஒருவரின் மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பதிவு ஏற்கப்பட்டது என்று இருந்தது. இந்தப் பக்கம் இப்படி ஒரு பதிவு மிகவும் அபூர்வம், இறகு காயும் வரை காத்திருந்த உங்கள் பொறுமை பாராட்டத்தக்கது என்று இருந்தது. அவன் இன்னொரு முறை படிக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்டாவுக்குத் திரும்பினேன்.

அதற்கு அடுத்து வந்த அமாவாசைக்குப் படையலை என் தங்கை வந்து பார்த்துக்கொண்டாள். என்னை வீட்டில் வைத்திருப்பது அவளுக்கும் கஷ்டமாக இருந்திருக்கும், "எங்கனா போய்ட்டு வாண்ணா" என்றாள். தென்னேரிக்குப் போனேன். டிக்கியைத் திறந்தேன், போனை வைக்க மனம் வரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், சத்தத்தோடு. கரையோரம் பத்துப் பன்னிரண்டு உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று நான் பார்த்திராத மாதிரி இருந்தது. பைனாகுலரைத் தூக்கினேன். போன் அடித்தது. கூட்டம் மொத்தமும் எழும்பித் தண்ணீருக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி அக்கரைக்குப் போய்விட்டது.

மகள்தான். மணி ஆறு நாற்பத்தாறு.

அவள் அம்மாவின் போன் இப்போது அவளிடம்தான் இருக்கிறது. அன்றைய முதல் அழைப்பின் நேரமும் அதில் இருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு அமாவாசை போய்விட்டது. இரண்டு முறையும் அதே நேரத்துக்கு அடித்தாள். தண்டிக்கிறாளா, பயந்துபோய்ப் பார்க்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. வலிக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தால், மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஆறு நாற்பதுக்கெல்லாம் நான் பைனாகுலரைக் கீழே வைத்துவிடுகிறேன். எதிரே என்ன வந்து உட்கார்ந்தாலும் பார்ப்பதில்லை. போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். பட்டியல் இருநூற்றுப் பதினேழிலேயே நிற்கிறது.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவேன்.

"எடுத்துட்டியா?" என்பாள்.

"எடுத்துட்டேம்மா."

"செரி" என்று சொல்லி வைத்துவிடுவாள்.